பத்தொன்பதாம் கேள்வி

அஸ்தம்பட்டியில் மருந்துக்கடை மாடி.
மூன்றில் வைத்தாலும் ஒன்றில் சுற்றும் மின்விசிறி.
நாலாயிரம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்
என் மடிக்கணினியில்
ஒன்றும் பூஜ்யமுமாகக் கிடந்தார்கள்.

இம்தியாஸ் முதலில் சராசரியைக் காட்டினார்.
சேலம் முப்பத்திமூன்று, மலை இருபத்தெட்டு.
“சாய்வு தெரியுதுங்களா?”
தெரியவில்லை.
கணக்கு வாத்தியார் வராத வருஷமும்
சராசரியை இறக்கும்.
அதற்குக் கேள்வித்தாளைக் கூண்டில் ஏற்ற முடியாது.

ஒத்தவரை ஒத்தவர் பக்கத்தில் நிறுத்த வேண்டும்.
முப்பத்தொன்று வாங்கியவர்களை மட்டும் எடுத்தேன்.
செவ்வாய்ப்பேட்டை முப்பத்தொன்று,
மஞ்சக்குட்டை முப்பத்தொன்று.
ஒரே உயரம்.
ஒவ்வொரு கேள்வியாக முன்னால் வைத்தேன்.
பதினெட்டு வரை
இரண்டு கோடும் தோள் உரசி நடந்தன.
பத்தொன்பதில்
கீழே நூற்றுக்கு எண்பத்திரண்டு பேர் சரி,
மேலே நாற்பது.
இருபத்தைந்து வாங்கியவர்களிடமும் அதே பிளவு.
முப்பத்தாறிலும்.

சேராதது எது?
மேகம், பறவை, விமானம், சாலை.
விடைக்குறிப்பு: சாலை.

எங்கே என்று எண் சொல்லிவிடும்.
ஏன் என்றால்
கர்சர் மட்டும் கண்சிமிட்டும்.

வியாழக்கிழமை ஏற்காடு பஸ்.
பதினான்காவது வளைவில்
பகல் பதினோரு மணிக்கு டிரைவர் விளக்குப் போட்டார்.
பள்ளியில் தர்ஷினி என்றொரு பெண்
அழிரப்பரைக் கடித்தபடி சொன்னாள்:
“விமானம்தான் மிஸ்.
மத்ததெல்லாம் ரோட்டுல இருக்குமே.”
பறவை?
“கோழி.”
மேகம்?
பதில் சொல்லாமல் ஜன்னலைக் காட்டினாள்.
ஹாரன் அடித்துக்கொண்டே ஒரு பைக்
மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

குழு அரைமணி நேரம் பேசிப்
பத்தொன்பதை நீக்கியது.
முப்பத்திநான்கையும்;
அது மிளகுக்கொடி பற்றியது,
மலைப்பிள்ளைகள் எளிதாகப் போட்டிருந்தார்கள்.
அதை நீக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.
டீ வந்தது.
“இப்ப தாள் சுத்தம்” என்றார் ஞானசௌந்தரி மேடம்.
கையெழுத்துப் போட்டேன்.

போட்ட பிறகுதான் உறுத்தியது.
அந்த முப்பத்தொன்று எங்கிருந்து வந்தது?
இதே தாளிலிருந்து.
இதே கேள்விகளைக் கூட்டித்தான்
பிள்ளைகளின் உயரத்தை அளந்தேன்.
ஒன்று கோணினால்
மற்றவை காட்டிக்கொடுத்துவிடும்.
மீதி நாற்பத்தெட்டும்
ஒரே பக்கம், ஒரே அளவு கோணியிருந்தால்?
என் கணக்கு
“குறை ஏதுமில்லை” என்று அச்சடிக்கும்,
நான்கு தசம இடச் சுத்தமாக.

அன்று மலை இறங்கும்போது
கம்பி, சீட்டு, கண்டக்டர், என் முதுகு
எல்லாம் சேர்ந்தே சாய்ந்திருந்தோம்.
அதனால் யாருமே சாயவில்லை.
முன்சீட்டில் யாரோ விட்டுப்போன
பாதித் தண்ணீர் பாட்டிலுக்குள் மட்டும்
நீர்
வேறொரு கோட்டில் நின்றது.

அந்தப் பாட்டிலை எடுத்து வந்திருக்கலாம்.
அஸ்தம்பட்டியில் தரை சமதளம்.