ஒருபக்கத் தட்டு

அம்பாறை ஏலத்தில் எடுத்த பெட்டியில் அரைவாசி உடைசல்.
மிஞ்சியதில் ஒன்று
ஒருபக்கம் மட்டும் கோடு கீறிய தட்டு. மறுபக்கம் மொட்டை.
பாட்டென்று நினைத்துத்தான் ஊசியை வைத்தேன்.
தாளமில்லை, வாத்தியமில்லை.
மழையடிக்கும் தகரத்தின் கீழ் நின்று
ஒரு மனிசன் கத்துகிறான்,
ஒரே வரியை ஆறு தரம்.

"எந்த ஊர் வயித்துக்குத்து இது?" என்றார்
பக்கத்துக்கடை உதுமாலெவ்வை.

லேபல் எழுத்தை போனில் அடித்துப் பார்த்தேன்.
ஹங்கேரி.
எழுதியவனுக்கு இருபத்தாறு வயது.
சண்டைக்குப் போனான், உடல் இல்லை.
குரலைப் பிடிக்கும் மெசின் வரவே
இன்னும் இருபத்தெட்டு வருசம் இருந்தது.
அப்போ இது யார்?
யாரோ ஒரு நடிகன்.
அவனை ஒருநாளும் கேட்டிராதவன்,
இப்படித்தான் கத்தியிருப்பான் என்று
தானே முடிவு கட்டியவன்.

அதே மேசையில்
பாண்டிருப்பு யோகமலரின் கசெற்
மூன்று மாதமாகக் கிடந்தது.
எண்பத்தொன்பது, வாசிகசாலைக் கூட்டம்.
ரேப் முழுக்கப் பூஞ்சணம்.
துடைத்து, காயவைத்து, வேறு கூட்டுக்குள் மாற்றி
நான் மீட்டது இவ்வளவுதான்:
கதிரை இழுபடும் சத்தம்,
"அடுத்ததாகக் கவிதை, குலவீரசிங்கம்",
ஒரு செருமல்.
பிறகு பொரிதல்.

செருமலைப் பதினாலு தரம் போடச் சொன்னா.
தொண்ணூறில் கூட்டிக்கொண்டு போனார்கள்.
யார் என்று என் கல்முனைக் கடையில்
அவவும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

ஹங்கேரித் தட்டைப் போட்டுக் காட்டினேன்.
"மனிசி என்ன செய்தாவாம்?"
"ஒரு வருசத்துக்குள்ள வேற கலியாணம். ஊரே ஏசினதாம்."
"பாவம்" என்றா.
யாரை என்று தெரியவில்லை.

அடுத்த கிழமை கொப்பியோடு வந்தா.
"நீங்க வாசிங்க தம்பி. மைக் இருக்குத்தானே."

இருபது வருசம் கூட்டங்களுக்கு
அறிவித்தல் சொன்ன வாய் எனக்கு.
முதல் வரியிலேயே கை மேலே போய்விட்டது.
"இவ்வளவு சத்தமில்ல."
குறைத்தேன்.
"இன்னும்."
"போராட்டக் கவிதை அக்கா இது."
"தெரியும். கூட்டத்தில எப்பிடி வாசிச்சாரோ, நான் போகல்ல,
பிள்ளைக்குக் காய்ச்சல்.
வீட்டில ஒரே அறை. ராவில எழுதி எழுதி வாசிப்பார்.
'எழுக' எண்ட இடம் வந்தா
பிள்ளையத் திரும்பிப் பார்த்துப்போட்டு
இன்னும் மெல்லமாச் சொல்லுவார்."

காத்தாடியை நிறுத்தினேன். ஷட்டரை இறக்கினேன்.
பதினோராம் தரம்,
என் காதுக்கே எட்டாத அளவில்
'எழுக' என்றேன்.
அவ ஒன்றும் சொல்லவில்லை.
கொப்பியைப் பைக்குள் வைத்தா.

"அந்தச் செருமல முன்னுக்கு ஒட்டுங்க."

ஒட்டினேன்.
அவருடைய தொண்டைக்கும் என் முதல் சொல்லுக்கும் நடுவே
அரைச் செக்கன் இடைவெளி.
அதற்குள் மட்டக்களப்பு பஸ்ஸின் கோன் விழுந்திருந்தது.
வெட்டவில்லை.