கீழ்த்தட்டில் குழம்பு

எங்களுக்கென்று வகுப்பறை கிடையாது.
உட்லண்ட்ஸ் பள்ளியின் வேதியியல் கூடத்தில்
செவ்வாய்தோறும் உயர முக்காலிகளில்
தமிழ் ஏறி உட்காரும்.
ஒன்பது பேர்.
கால் தரைக்கு எட்டாத இருவர்
ஆட்டிக்கொண்டேதான் பேசுவார்கள்.

இன்று நேர்காணல்.
தாளில் ஏழு கேள்விகள் அச்சடித்திருந்தேன்.
முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும்.
கேட்டவர் பிறகு எழுந்து
அதைப் படர்க்கையில் ஒப்பிக்க வேண்டும்.
‘என் அம்மா’ ‘அவர் அம்மா’ ஆனால் போதும்,
இலக்கணம் திருப்தியடையும்.

ஒருவன் சோதனைக்குழாயை மைக்காகப் பிடித்திருந்தான்.
பிடுங்கி வைத்தேன்.

ஷமீரா கேட்டாள், யுகேந்திரன் சொன்னான்.
பிடித்த உணவு, சிக்கன் ரைஸ்.
ஓய்வு நேரம், தூக்கம்.
ஐந்தாவது கேள்வி:
வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?

“பேசறதில்ல.”
“தமிழா?”
“எதுவுமே. அம்மாவுக்கு சாங்கியில நைட் ஷிஃப்ட்.
நான் வரும்போது கிளம்பியிருப்பாங்க.
அவங்க வரும்போது நான் பஸ்ல.”

ஆறாவது கேள்வி விளையாட்டைப் பற்றியது.
ஷமீரா அதைப் பார்த்தாள்,
தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

“அப்ப சாப்பாடு இருக்கா இல்லையான்னு
எப்படித் தெரியும்?”
“ஃப்ரிட்ஜ்ல எழுதி ஒட்டுவாங்க.”
“எதுல?”
“தமிழ்லதான். அதான் அவங்களுக்கு வேகமா வரும்.
குழம்பு கீழ்த்தட்டுல. சுட வச்சுக்க.
குடை எடுத்துட்டுப் போ.”
“நீ என்ன எழுதுவ?”
“கீழ ஒரு டிக் போடுவேன்.”

என் கையில் சிவப்புப் பேனா.
அந்த நிமிடம் அது யாருடைய பேனா என்று
கொஞ்சம் குழப்பமாகிவிட்டது.

ஷமீரா எழுந்து நின்று ஒப்பித்தாள்:
“யுகேந்திரன் வீட்டில் தமிழ் பேசுவதில்லை.
அவர் அம்மா தினமும் தமிழ் எழுதுகிறார்.
அவர் தினமும் அதைத் திருத்துகிறார்.”

எல்லாரும் சிரித்தார்கள்.
யுகேந்திரனும்தான், அரை நிமிடம் தாமதமாக.

மணி அடித்தது. வெளியே
பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிய வகுப்பு
கதவில் சாய்ந்து காத்திருந்தது.
முக்காலிகளை மேசைக்கடியில் தள்ளிவிட்டு
எல்லாரும் போனபின்
அவன் மட்டும் பையின் ஜிப்போடு
நெடுநேரம் மல்லுக்கட்டினான்.

“டீச்சர், ‘உறைப்பு’க்கு எந்த ர?”

எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன்.
என் தாளில் இல்லாத கேள்வி அது.

“பெரிய ற” என்றேன்.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனான்.