ஆற்றில் போட்டாலும்

மஸ்ஜித் பந்தரில் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை.
ஹொசைஃபா பாயின் வால்வு கம்பெனியை
அரசாங்கம் நம்பவேண்டும் என்று
நான் எழுதும் விண்ணப்பம்
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நிற்கிறது.

வழக்கு இல்லை, அபராதம் இல்லை,
மூன்று வருடமாய்ப் பாக்கி இல்லை.
அதற்கப்புறம் உண்டுகள்:
சுவர் உண்டு, கேமரா உண்டு,
கன்டெய்னர் முத்திரைகளுக்குத் தனி அலமாரி உண்டு,
சாவி இன்று யாரிடம் என்று எழுதும் நோட்டும் உண்டு.
நோட்டை நேற்றுத்தான் வாங்கினோம்.
பழையதாகத் தெரியட்டுமென்று
மூன்று பேனாக்களை மாற்றி மாற்றி எழுதினேன்.
ராத்திரி தூக்கம் வரவில்லை.
காலையில் கிழித்துப் போட்டுவிட்டு
நேற்றைய தேதியிலிருந்து தொடங்கினேன்.

ஹாம்பர்கில் ஆங்கெ என்று ஒருத்தி,
எங்கள் வால்வுகளை வாங்கும் கம்பெனியில்.
அவளும் இதையே நிரப்பியவள்தான்.
"ஏதோ ஒரு சரக்கைத் தொட்டார்கள்,
ஆர்டர் வந்த நாளிலிருந்து பணம் போன நாள்வரை
கணினிக்குள் நூல் பிடித்துக்கொண்டே போனார்கள்.
சுவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்ததோடு சரி."

எங்கள் சுவரை அளந்தார்கள் என்றேன்.
டேப் வைத்தா?
வைத்துத்தான்.
உரண் கிடங்கின் வடக்கு மூலையில்
சுவர் குட்டை என்று குறித்துக்கொண்டார் கும்பரே மேடம்.
அந்தப் பக்கம் கழி, சேறு, நாரைகள்.
நாரைக்கு வால்வு எதற்கு என்று
பாய் வாயெடுத்தார். காலை மிதித்தேன்.

கும்பரே மேடத்தைக் குறை சொல்லவும் முடியவில்லை.
கல்லுப்பு என்று எழுதியிருந்த பெட்டியைத்
தாளை நம்பி அனுப்பினாராம் ஒரு தடவை.
உள்ளே செஞ்சந்தனம்.
அன்றிலிருந்து தாளைப் பார்த்தால்
கை தானாகச் சுவரைத் தடவுகிறது.

ஆங்கெயின் கம்பெனியில் இந்த வேலைக்கென்றே மூன்று பேர்.
இங்கே நான், என் சாப்பாட்டு நேரம்.
அங்கே அளவெடுத்துத் தைத்த சட்டை,
இங்கே அதற்கேற்ற உடம்பைத் தேடுகிறோம்.
இப்படிச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் பெருமையாய் இருந்தபோது
அவள் சொன்னாள்:
அவள் தெருவில் ஓடு இறக்குமதி செய்பவர்
நாற்பதாம் பக்கத்தில் கைவிட்டுவிட்டாராம்.
சின்னக் கடை எங்கேயும் சின்னக் கடைதான்.

எங்களை இங்கே நம்பினால்
அங்கேயும் நம்புவார்களா என்று கேட்டேன்.
பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றாள்.
ரொம்ப நாளாகவா?
காபியைக் குடித்தாள்.

ஆகஸ்டில் முதல் படி கிடைத்தது.
பாய் ஜலேபி வாங்கினார்.
முதல் பெட்டி போவதைப் பார்க்க
நாவா ஷேவாவுக்குப் போனேன், நல்ல மழை.
வாசலில் ஏழு வருடமாய்ப் பார்க்கும் அதே காவலர்
என் டிபன் பாக்ஸைத் திறந்தார்,
புளிச்சோற்றைக் கிளறினார்,
இசக்கியம்மாள் என்ற என் பெயரை
இன்றைக்கு ஈசாக் அம்மா என்று எழுதினார்.
நேற்றைவிடப் பரவாயில்லை.

பெட்டியை யாரும் நிறுத்தவில்லை.
முத்திரையை யாரும் தொடவில்லை.
ஈரத் தார்ச்சாலையில் டிரெய்லர் சும்மா,
தன் வீட்டுக்குள் போவதுபோல் போனது.

சந்தோஷப்பட வேண்டிய இடம் அதுதான்.
எனக்கோ அடிவயிற்றில் என்னவோ செய்தது.
திறந்து பார்க்க ஒருத்தர் இருக்கும்வரை
பிழை இருந்தால் அவர் கண்டுபிடிப்பார்.
இனி?
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பாள் அம்மா.
அளந்துதான் போட்டேன்.
நானூற்றெண்பது.
எண்பதுதானா, எண்பத்திரண்டா?

மழைக்குள் நின்று
கிடங்குக்குப் போன் போட்டு
பேக்கிங் லிஸ்டை வாசிக்கச் சொன்னேன்.
வாசித்தான்.
இன்னொரு தடவை என்றேன்.
"மேடம், அதான் நம்மளை நம்பிட்டாங்களே."

அதனால்தான்பா, வாசி.