பென்சிலில் கீறிய மான்கள்

வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை
ஒரு படம் கீறிக்கொண்டு வரச் சொன்னேன்,
தரம் பத்து, பி பிரிவு.
வடக்குக் காட்டும் அம்புக்கு ஒரு புள்ளி,
அளவுத்திட்டத்துக்கு இரண்டு,
குறியீட்டு விளக்கத்துக்கு மூன்று,
மிச்சம் நாலும் துப்புரவுக்கு.
பத்தொன்பது வருடமாய் இதே கணக்கு.
சிவப்புப் பேனைக்கே வழி பாடம்.

வெள்ளி இரவு, உவர்மலை வீட்டில்
மின்விசிறி தாள்களைக் கிளப்பக் கிளப்ப
முழங்கையால் அமத்திக்கொண்டு திருத்தினேன்.

சஞ்சுதன் திருக்கடலூர்.
அவன் படத்தில் வடக்கு இல்லை.
அம்பு கடலைப் பார்த்து நிற்கிறது.
'கடல் எந்தப் பக்கமெண்டு தெரிஞ்சால்
மிச்சமெல்லாம் தன்ரபாட்டில வரும் ரீச்சர்.'
ஒரு புள்ளி வெட்டினேன்.

மிதுர்ஷாவின் அளவுத்திட்டம்:
ஒரு சென்ரிமீற்றர், ஒரு பாட்டு.
கீழே சின்ன எழுத்தில்,
காலமை சாப்பிட்டிருந்தால்.
சாப்பிடாட்டி ஒன்றரைப் பாட்டு.
சிரித்துவிட்டேன்.
பிறகு,
முதலாம் பாடத்தில் மேசையில் தலை சாய்த்தவளை
எழுப்பி நிற்கவைத்த திங்கட்கிழமைகளை
எண்ணத் தொடங்கி நிறுத்தினேன்.

டினோஜனின் குறியீடுகள்:
ஏழரை மணி நிழல்,
கடன் தரும் கடை, தராத கடை,
கடிக்கிற நாய், குரைக்கிற நாய்,
பாஸ்வேர்ட் இல்லாத வைஃபை.
எல்லாம் கறுப்பு மையில்.
மான்கள் மட்டும் பென்சிலில்.
'நேற்று பஸ் ஸ்ராண்டில நிண்டது
இண்டைக்குக் கோட்டை வாசல்ல நிக்குது.
மையால கீறினால் பொய்யாப் போயிடும் ரீச்சர்.'

நான் இத்தனை வருடமும்
எல்லாவற்றையும் மையால்தான் கீறவைத்தேன்.

ஷப்றா, ஜமாலியா.
அவள் இரண்டு பாதை போட்டிருந்தாள்.
நேரானது முழுக்கோடு.
மற்றது துண்டுக்கோடு,
ஊரைச் சுற்றிக்கொண்டு மூன்று மடங்கு நீளம்.
விளக்கம்: பின்னேர வகுப்பு முடிந்து தனிய வரும் நாள்.
முழுக்கோட்டின் நடுவே, சந்தியில்,
ஒரு கறுப்புச் சதுரம்.
அதற்கு விளக்கம் எழுதவில்லை.

அந்தச் சந்தியால்தான் நான் தினம் போகிறேன்.
பெயின்ற் கடை, போன் திருத்துற கடை,
மதிலில் குந்தியிருக்கும் நாலைந்து பேர்.
என் ஸ்கூட்டியைக் கண்டால் எழும்புவார்கள்.
அதில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள்.
நல்ல பெடியள் என்று
எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

பேனையை மூடினேன்.
நானும் ஒரு தாள் எடுத்து
என் பாதையைக் கீறிப் பார்த்தேன்.
வடக்கு, நேர்.
அளவுத்திட்டம், சரி.
மேலே வீடு, கீழே பள்ளிக்கூட வாசல்.
நடுவில் ஒரு கோடு,
கோட்டின் இரு பக்கமும் சுத்த வெள்ளை.
துப்புரவுக்கு நாலும் கிடைக்கும்.

திங்கட்கிழமை தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன்,
புள்ளி போடாமல்.
வகுப்பே கத்தியது.
'சஞ்சுதன்ர தாள்ல மட்டும் ஒண்டு வெட்டிக் கிடக்கு ரீச்சர்!'
'அது என்ர பிழை' என்றேன்.
இந்த மூன்று சொல்லையும்
வகுப்பில் சொன்ன ஞாபகம் எனக்கில்லை.
அவர்களுக்கும் இல்லைப்போல,
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

பின்னேரம் ஸ்கூட்டியை விட்டுவிட்டு
ஷப்றாவோடு நடந்தேன்,
முழுக்கோட்டால்.
சந்தியில் அவர்கள் எழும்பினார்கள்.
ஒருவன் 'வணக்கம் ரீச்சர்' என்றான்.
மூலையில் ஒரு மான் பொலித்தீன் பையை மென்றபடி
எங்களைப் பார்த்தது.

கடந்தபிறகு அவள் கேட்டாள்:
'நீங்க வந்தா எழும்புவாங்க,
அது எனக்குத் தெரியும் ரீச்சர்.
நாளைக்கு?'

கேள்வி கேட்டுவிட்டு
பதிலுக்குக் காத்திருப்பவர்களின் முகத்தை
பத்தொன்பது வருடம்
நான் வைத்திருந்தேன்.
இப்போது அது அவளிடம் இருந்தது.

அன்றிரவு என் வெள்ளைப் படத்தில்
அந்தச் சந்தியைக் குறித்தேன்.
பென்சிலில்.
மான் மாதிரி அதுவும் ஒருநாள்
இடம் பெயரும் என்றோ என்னவோ.

அவளுடைய தாளை நினைத்தேன்.
அந்தச் சதுரம் மை.
மறுபக்கம் ஊறும்வரை அழுத்தியிருந்தாள்.