பின்கதவுக்காரி

ஜூலை மழை.
ஓதம் இறங்கி, காஸ்த்ரோவின் கரைவீடுகள்
மரக்கால்களைக் காட்டிக்கொண்டு நின்ற காலையில்
புன்தா அரெனாஸிலிருந்து ஒரு மின்னஞ்சல்:

"அம்மணி நோல்ஃபா,
குல்லாய் பார்க்க உங்கள் கடைக்கு வந்தேன்.
நீங்கள் மனிதர்தானா? 'அனுமதி' என்பதை அழுத்துங்கள் என்றது.
அழுத்தினேன்.
அன்றிலிருந்து என் கைபேசி நள்ளிரவில் விழித்து
பதினேழு வைரஸ் என்று என்னையே மிரட்டுகிறது.
எதெல்மீரா ஒயார்சூன்.
பி.கு: சாம்பல்நிறக் குல்லாய் இன்னும் இருக்கிறதா?"

என் கடையா?
மடிக்கணினியில் முகவரியைத் தட்டினேன்,
ஆறு வருடமாகத் தட்டுகிற அதே முகவரி.
அதே ஆட்டுக்கம்பளி, மரப்பாசியில் சாயமேறிய அதே பழுப்பு,
என் கட்டைவிரல் மறைத்த அதே மங்கல் புகைப்படம்.
ஒரு தூசு இல்லை.

வேறெங்காவது அழுத்தியிருப்பீர்கள், என்று எழுதினேன்.
கொஞ்சம் கோபமாகவே எழுதினேன்.

ஆகஸ்டில் இன்னும் மூன்று பேர்.
ஒருவருக்கு லாட்டரி விழுந்ததாம்.
ஒருவருக்கு அவர் கணக்கே இல்லாத வங்கியிலிருந்து எச்சரிக்கை.
மூன்றாமவர் எதுவும் விவரிக்கவில்லை, வைதார்.

சனிக்கிழமை, மீன்கடை ரூபிலாரின் போனை இரவல் வாங்கினேன்.
திரையில் செதில் ஒட்டியிருந்தது.
இந்த முறை முகவரி தட்டவில்லை.
யாரோ ஒருத்தி தேடுவதுபோல்
'சீலோயே கம்பளிக் குல்லாய்' என்று தேடி
வரிசையில் நான்காவதாக இருந்த என் பெயரைத் தொட்டேன்.

கடை ஒரு கணம் தெரிந்தது.
பிறகு வெள்ளை. சுழலும் வட்டம்.
நீங்கள் மனிதர்தானா?

கெட்டிக்காரத் திருடன்.
பின்கதவால் வருகிறவள் வீட்டுக்காரி என்று தெரிந்து
எனக்கு மட்டும் பெருக்கிய தரையைக் காட்டியிருக்கிறான்.
தெருவழியாக வந்தவர்களுக்குத்தான் பள்ளம்.
ஆறு வருடத்தில் ஒருநாள்கூட
நான் என் கடைக்குத் தெருவழியாக வந்ததில்லை.

வால்டிவியாவில் சர்வர் கம்பெனிக்காரன்
ரொட்டி மென்றபடி சொன்னான்:
"படங்களை நகர்த்துகிற பிளக்-இன். நான்கு வருடமாகப் புதுப்பிக்கவே இல்லையே நீங்கள்."

குல்லாய்ப் படங்களுக்கு நடுவே
படத்தின் பெயரில் படமில்லாத ஒரு கோப்பு.
பிப்ரவரி ஒன்பது, அதிகாலை மூன்று பன்னிரண்டு.
அன்றுதான் ஊரே கூடி, எருதுகள் பூட்டி,
பார்ரியாக்களின் வீட்டைக் குன்றிலிருந்து கரைக்கு இழுத்தோம்.
நான் சிடர் குடித்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தேன்.
ஒரு வீடு இடம் மாறிய இரவில்
இன்னொரு வீட்டில் ஒருவன் குடியேறியிருக்கிறான்.

அழித்தேன். மறுநாள் திரும்ப இருந்தது.
எனக்குத் தெரியாத நிர்வாகி ஒருவர், பெயர் 'உதவி2'.
அவரை நீக்கினேன். அவரும் திரும்பினார்.
கடைசியில் ஜனவரி நகலைப் போட்டு
எல்லாவற்றையும் புதிதாக எழுப்பினேன்,
ஆறு மாதக் கணக்கு போனது போனதுதான்.
கடவுச்சொல் இப்போது என் ஆட்டின் பெயரில்லை.

எதெல்மீராவுக்கு எழுதினேன்:
தவறு என்னுடையது.
பிரவுசர் அமைப்பில் அறிவிப்புகளைத் திறந்து
என் கடைக்கும், தெரியாத பெயர்களுக்கும் தந்த அனுமதியை எடுத்துவிடுங்கள்.
மிரட்டல் சொல்லும் எண்ணை அழைக்காதீர்கள்,
அது தருவதை நிறுவாதீர்கள்.
மனிதர் என்று காட்ட யாருக்கும் அந்த அனுமதி தேவையில்லை.
சாம்பல்நிறக் குல்லாய் இருக்கிறது. பணம் வேண்டாம்,
முகவரி மட்டும் அனுப்புங்கள்.

இரண்டு நாள் பதிலில்லை. பிறகு ஒரு வரி:

"நீங்கள் நோல்ஃபாதானா?
போன வருடம் வாங்கிய கையுறையின் உள்மடிப்பு
எந்த நிற நூலில் தைத்தது, சொல்லுங்கள்."

சிரித்தேன். ரூபிலார் ஏனென்று கேட்டார்.

சிவப்பு, என்று எழுதினேன்.
இடதுகையில் மட்டும்.
வலதுக்கு நூல் தீர்ந்துவிட்டது.