இரண்டாவது ஜோடி

டார்ச்சில் ஒரு பேட்டரிக் கட்டையைத்
தலைகீழாகப் போட்டுவைப்பேன்,
பைக்குள் தானாக எரிந்து தீராதிருக்க.
அட்டைக்கு உப்பு, பழைய மாத்திரை டப்பாவில்.
மே மாதத்திலும் ஸ்வெட்டர்.
பால் கவரில் சுற்றிய இன்னொரு ஜோடி சாக்ஸ்.
நாலு வர்க்கி. நொறுங்கினாலும் வர்க்கிதான்.

“வீட்டையே தூக்கிட்டு வர்றீங்களா சிஸ்டர்?”
சிரித்தார் புது டாக்டர், மதுரைக்காரர்.
கான்வாஸ் ஷூ.

கெத்தைக்கு மேலே மரம் விழுந்து
நாலு மணிக்கு நின்ற பஸ்.
ஆறரைக்கும் ரம்பம் வரவில்லை.
ஜன்னல் ரப்பர் வழியே மழை இறங்கியது.
யாரும் பார்க்காதபடி
கால்விரல்களை மடக்கி மடக்கி நீட்டினார்.

பால் கவரைப் பிரித்தேன்.
ஒன்றும் பேசாமல் மாட்டிக்கொண்டார்.
குதிகாலில் நான் தைத்த பச்சை நூல்.

கட்டையைத் திருப்பிப் போட்டு
டார்ச்சைக் கண்டக்டரிடம் கொடுத்தேன்.
என் ஷூவுக்குள்ளும் தண்ணீர்.
நாளைமுதல்
மூன்று ஜோடி.