எங்களுக்கு வேலை கடைசிப் பாட்டில்தான்

ஓலமோட்ஸ் நகரத்தில் ஏப்ரல் மழை.
தேவாலயத்துக்குள் முந்நூறு ஈரக் கோட்டுகள்
ஒவ்வொன்றாக வந்து உட்கார்கின்றன.
அவற்றின் ஆவி முதலில் தொடுவது
என் டிம்பனியின் கன்றுத்தோலை.

ஐந்து மணிக்குச் சுருதி சேர்த்தேன்.
ஐந்தரைக்குள் இறங்கிவிட்டது,
சபையில் சொல்லிக்கொள்ளாமல் நழுவுகிறவர் மாதிரி.

எனக்கும் போஹுமீருக்கும்
முதல் பாகத்தில் ஒரு ஸ்வரம்கூட இல்லை.
இரண்டாம் பாகத்தில் கடைசி நான்கு நிமிடம்.
அதுவரை எண்பத்தேழு நிமிடம்
எல்லாரும் பார்க்கக் கைகட்டி இருப்பதற்கும்
சேர்த்துத்தான் சம்பளம்.

போஹுமீர் பகலில் கொதிகலன் பழுதுபார்ப்பவர்.
அவருடைய ட்ரம்பெட்டில் பொத்தான் கிடையாது.
நீளப் பித்தளை, ஒரு மூச்சு,
வழி தெரிந்த உதடு.
குளிர்ந்தால் முரண்டு பிடிக்கும் என்று
ஊதுமுனையை அக்குளில் வைத்து
அடைகாக்கிறார்.

முன்னால் கதை நடக்கிறது.
வேஷமில்லை, திரையில்லை,
கறுப்புடையில் ஐந்து பேர், கையில் நோட்டு.
மகதலேனா மரியாள்
படிக்கும் கண்ணாடி போட்டிருக்கிறாள்.
பேதுரு, இருமல் மிட்டாயைக்
கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு,
மூன்று முறை மறுதலிக்கிறான்.

கல்லறை அடைபட்டது.
வயலின்கள் வில்லை மடியில் கிடத்தின.
லூட் மட்டும்,
உள்ளே ஆள் உண்டா என்று
நகத்தால் தட்டிக் கேட்பதுபோல.

அப்போதுதான் நான் குனிந்து
தோலில் காதை வைத்தேன்.
ஒரு விரலால் தொட்டேன்.
மூன்றாம் வரிசையில் ஒரு பெண்மணி
பாடகர்களை விட்டுவிட்டு
என்னையே பார்த்தாள்,
நான் நிமிர்ந்து என்ன சொல்வேனோ என்று.

இருந்தது.
அரைச் சுருதி கீழே.
திருகாணியை முறுக்கினேன்.

ட்ராஹோமீரா எங்கள் பக்கம் திரும்பினாள்.
கைகூட இல்லை, புருவம்.
போஹுமீர் எழுந்தார், ஊதினார்.

முதல் ஸ்வரம் உடைந்தது.
முந்நூறு கோட்டுகளும் நிமிர்ந்தன.
அவருடைய காதுமடல் சிவப்பதைப்
பக்கத்திலிருந்து பார்த்தேன்.
பார்த்துக்கொண்டே அடித்தேன், வேறென்ன செய்ய,
அடி மேல் அடி,
அதன்மேல் கால் வைத்து ஏறியதுபோல
இரண்டாம் மூச்சில் அவர் மேலே போனார்.
இன்னும் மேலே.
ஒருவரும் இருமவில்லை.

கைதட்டல் ஓய்ந்தபின்
மகதலேனா கண்ணாடியைத் துடைத்தபடி வந்தாள்.
"அவ்வளவு பெரிய கல்
சத்தமே போடாமல் நகர்ந்திருந்தால்
நான் நம்பியிருக்க மாட்டேன்" என்றாள்.

போஹுமீர் அதை நம்பவில்லை.
குழல் வளைவில் தேங்கிய தண்ணீரைத்
தரையில் சொட்டவிட்டு,
"காலையில் எட்டுக்கு ஒரு கொதிகலன்" என்றார்.

நான் உறையைப் போடும்போது
தோல் மறுபடி இறங்கத் தொடங்கியிருந்தது.
மழை விடவில்லை.